முதல் பாடம் கையெழுத்து

பிப்ரவரி 4

அண்ணா,

தொலைபேசியில் கூப்பிட்டால் நீ "கொஞ்சம் இரு, இன்னொரு அழைப்பு வருது" என்பாய். நான் பட்டென்று வைத்துவிடுவேன். அப்புறம் அண்ணி நம் இருவருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். தாளைப் பார்த்துக் "கொஞ்சம் இரு" என்று உன்னால் சொல்ல முடியாது.

உங்கள் பாடநூல் குழு அனுப்பிய முதியோர் கல்விப் புத்தகம் போன மாதத் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தது. அட்டை புதிது, உள்ளே அதே பழைய சரக்கு. முதல் பாடம் வழக்கம்போலக் கையெழுத்து. அதை மூன்று வாரத்தில் முடித்துவிட்டோம், பதினேழு பேரும் தங்கள் பெயரை எழுதிவிட்டார்கள். இரண்டாம் பாடத்தில் அணில் மரத்தில் ஏறுகிறது. மூன்றில் பழம் தின்கிறது. நான்கில் முயல் வந்து அணிலை நலம் விசாரிக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கன்னம் உப்பிய குழந்தைகள். இதைத் தேர்ந்தெடுத்த செயலாளர் என் கூடப்பிறந்தவன் என்று வகுப்பில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

என் வகுப்பு எங்கே நடக்கிறது தெரியுமா? மருத்துவமனைத் துணிகளைச் சலவை செய்யும் கூடத்தில். இரத்தமும் சீழும் ஒட்டிய விரிப்புகளை விடியற்காலையிலிருந்து உதறிப் போட்டு, வெளுத்து, உருளையில் இஸ்திரி போட்டு, மடித்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு மடிப்பு மேசைகளை ஒதுக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும். அந்தக் கையில் நான் உன் அணிலைக் கொடுக்க வேண்டும்.

துணிவண்டி தள்ளும் பெரியவர் போன வாரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "டீச்சர், எனக்கு மூணு பேரப்பிள்ளைங்க. இந்த அணில் எப்பத்தான் அந்தப் பழத்தைத் தின்னு முடிக்கும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. அந்தச் சிரிப்பில் இருந்தது அவமானம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே நானே ஒன்று செய்தேன். உங்களுக்கு எதைப் படிக்க வேண்டுமோ அதைக் கொண்டு வாருங்கள் என்றேன். மாத்திரை அட்டை வந்தது, வேலை நேரப் பட்டியல் வந்தது, மகனின் பள்ளி அனுப்பி மூன்று மாதமாகப் பையிலேயே கிடந்த கடிதம் வந்தது. அதில் அந்தப் பையன் பள்ளிக்கே வருவதில்லை என்று இருந்தது. உருளையில் வேலை செய்யும் அக்கா, இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுகிறோம், அந்த எந்திரத்தில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளை அப்படியே பார்த்து வரைந்துகொண்டு வந்தார். எழுத்து தெரியாது, படம்போல வரைந்திருக்கிறார். "நாலு வருஷமா என் மூஞ்சிக்கு நேரா இருக்கு டீச்சர். என்னதான் சொல்லுது?" என்றார். 'தடுப்பு இல்லாமல் இயக்காதே.' அவ்வளவுதான் சொல்கிறது. பாடமாக நடத்தி அவரையே படிக்க வைக்கலாம் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

இவற்றையே பாடமாக நடத்த எனக்கு அனுமதி வேண்டும். எழுத்தில் வேண்டும்.

தங்கை


பிப்ரவரி 13

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணியும் படித்தாள். நீ எழுதியதை அவள் ரசித்ததையும், நான் ரசிக்காததையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நீ கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. நூற்றுப் பன்னிரண்டு மையங்கள் இருக்கின்றன. ஒரு மையத்தில் மாத்திரை அட்டை, இன்னொன்றில் உர மூட்டை, மற்றொன்றில் யாரோ ஒருவருடைய மகனின் பள்ளிக் கடிதம் என்று ஆளுக்கொன்றாக நடத்தினால் யார் எதற்குத் தேர்வு வைப்பது? அணில் பாடத்தில் கடினமான எழுத்து ஒன்றுகூட இல்லை. அதை எழுதியவன் நான். யோசித்துத்தான் எழுதினேன்.

தவிர, பாடப் பொருளாக அழுக்குத் தாள்களைப் பயன்படுத்துவதைக் குழு ஏற்காது. கல்வி என்றால் மனிதனுக்கு அவன் அன்றாடத்திலிருந்து கொஞ்சம் விடுதலை தர வேண்டாமா? மறுபடியும் அந்தத் தொட்டியையும் எந்திரத்தையும்தான் அவர்கள் பார்க்க வேண்டுமா? இதை நான் மனதார நம்புகிறேன். நீ நம்பாவிட்டால் பரவாயில்லை.

உன் பதினேழு பேரும் முதல் பாடத்தை முடித்துவிட்டதால் சான்றிதழ்கள் அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் கையொப்பம் என்ற இடத்தில் போட்டுக் கொடுத்துவிடு. விழாவுக்கு நிர்வாகத்தையும் கூப்பிடு, அவர்கள்தான் இடம் தருகிறார்கள்.

புத்தகத்தை வரிசைப்படி நடத்து. பிடிவாதம் பிடிக்காதே.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

உன் பேச்சைக் கேட்டேன். வரிசைப்படி நடத்தினேன். சிவப்புத் தாளைப் பையில் வைத்துவிட்டு முயலை எடுத்தேன். இப்போது நடந்ததைக் கேட்டுக்கொள்.

பன்னிரண்டு நாளுக்கு முன் இஸ்திரியக்காவின் இடது கை உருளைக்குள் போய்விட்டது. நான்கு விரல்கள் வெந்துவிட்டன. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பை மேற்பார்வையாளர் விபத்துக்குப் பத்து நாள் முன்பே கழற்றிவிட்டிருந்தார். அது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தடுப்பில்லாமல் ஓட்டக் கூடாது என்று எந்திரத்திலேயே எழுதியிருப்பது மட்டும் எனக்கும் மேற்பார்வையாளருக்கும்தான் தெரியும். நான் அதைப் பலகையில் எழுதி நான்கு நாள் நடத்தியிருந்தால் அந்த அக்கா எந்திரத்தை நிறுத்திவிட்டு நியாயம் கேட்டிருப்பார். அவர் கேட்கக்கூடியவர்.

இதைவிடக் கேவலம் மறுநாள் நடந்தது. மேற்பார்வையாளர் பழப்பையோடு நோயாளர் அறைக்குப் போயிருக்கிறார். விடுப்புக் கடிதம் என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். அக்கா, "கைநாட்டு வேணாம் சார், நான் கையெழுத்தே போடுவேன்" என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். தாள் நழுவாமல் மேற்பார்வையாளரே பலகையைப் பிடித்துக்கொண்டாராம். "எவ்வளவு அழகா போடறீங்க" என்று பாராட்டினாராம். அக்கா எனக்கு இதைப் பெருமையாகச் சொன்னார்.

நகலை வாங்கிப் படித்தேன். 'தடுப்பை நானே கழற்றினேன். இனி இந்த வேலை செய்ய விருப்பமில்லாமல் விலகிக்கொள்கிறேன்.' கீழே நான்கு எழுத்தில் அவர் பெயர். இரண்டாம் எழுத்தின் கொம்பைச் சற்று நீட்டிப் போடுவார். நான் கற்றுக்கொடுத்தபடியே நீட்டியிருக்கிறார்.

கவனி. போன வருடம் வண்டிப் பெரியவருக்குக் கால் நசுங்கியபோதும் இப்படித்தான் ஒரு தாள் வந்தது. அப்போது அவர் கைநாட்டுக்காரர். கைநாட்டு வைப்பவருக்குத் தாளை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், படித்தவரும் ஒரு சாட்சியும் கீழே கையொப்பம் இட வேண்டும் என்று அங்கே விதி. படித்தார்கள். அவர் "முடியாது" என்றார். இன்றைக்கும் வண்டி தள்ளிக்கொண்டிருக்கிறார். கையெழுத்து போடுபவருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை, அவருக்குத்தான் படிக்கத் தெரியுமே.

புரிகிறதா? எழுத்தறியாதவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பை உன் முதல் பாடம் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு அணிலைக் கொடுத்திருக்கிறது. இந்தப் புத்தகத்தைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மேசையில் இருந்ததைக் குப்பைக் கூடைக்கு மாற்றிவிட்டேன்.

அந்த வேலை போனால் அக்காவுக்கு வேறு போக்கில்லை. தொழில் விசாரணை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். முதல் பாடத்தை முடித்தவருக்குப் பெயர் எழுதத் தெரியுமே தவிர ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது என்று உன் அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும்.

தங்கை


மார்ச் 27

தங்கைக்கு,

அந்த அம்மாவுக்கு நேர்ந்தது கொடுமை. அந்த மேற்பார்வையாளரை நினைத்தால் எனக்கும் வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது உனக்குப் பிடிக்காது.

நீ கேட்கும் கடிதத்தை நான் கொடுக்க முடியாது. முதல் பாடம் முடித்த பதினோராயிரம் பேரை எழுத்தறிவு பெற்றவர்கள் என்று அறிக்கை கொடுத்திருக்கிறோம். அதில் என் கையொப்பம் இருக்கிறது. ஒருவருக்காக நான் மாற்றிச் சொன்னால் மீதிப் பேர் என்ன ஆவார்கள், மையங்கள் என்ன ஆகும்? எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடுவார்கள். அப்போது உன் வண்டிப் பெரியவருக்கு அணில்கூடக் கிடைக்காது.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்தத் தாளை இரண்டு முறை கிழித்தும் போட்டேன். ஆனால் நீ 'உன் முதல் பாடம், உன் முதல் பாடம்' என்று என்மீது வாரி இறைத்துக்கொண்டே போகிறாய்.

கையெழுத்தை முதல் பாடமாக வைத்தது நான் இல்லை. நான் அதைப் பதினைந்தாவதாக வைத்திருந்தேன். எட்டு வருடத்துக்கு முன், நீ புதிதாக வகுப்பு எடுக்கப் போனபோது எனக்கு எழுதினாய். கடிதம் என் கோப்பில் இருக்கிறது, உன் வார்த்தையிலேயே தருகிறேன்: 'மை தடவிய விரலை உடையில் துடைத்துக்கொண்டு அவர்கள் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை அண்ணா. படிப்பு மெதுவாக வரட்டும். முதலில் கையெழுத்தைக் கொடு. நிமிர்ந்து நிற்கட்டும்.' அதைக் குழுவில் நான் வாசித்தேன். கைதட்டினார்கள். அன்றே மாற்றினோம்.

அணில் என்னுடையது. கையெழுத்து உன்னுடையது.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

ஆமாம். நான்தான்.

உன் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் நான் வகுப்புக்கே போகவில்லை. எழுதியது எனக்கு மறந்தேபோயிருந்தது. அதுதான் இன்னும் அசிங்கம். பார்க்கச் சகிக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? சங்கடம் எனக்கு. அவர்களுக்கு என்ன தேவை என்று ஒரு வார்த்தைகூடக் கேட்டதாக அந்தக் கடிதத்தில் இல்லை. உன்னைக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன், அது என் மேலேயே விழுந்திருக்கிறது.

நான்காம் நாள் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முதலில் கையெழுத்தைக் கற்றுக்கொடுக்கச் சொன்னது நான், அது இப்படி முடியும் என்று யோசிக்கவில்லை என்றேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "கத்துக் குடுத்தீங்கல்ல டீச்சர், இதை எப்படி மறக்கிறதுன்னும் சொல்லிக் குடுங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று விசாரணையின் முதல் அமர்வு. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்று நான் சொன்னதும், நிர்வாகத்தின் ஆள் பையிலிருந்து ஒரு படச்சட்டத்தை எடுத்தார். அக்காவுக்கு நாம் கொடுத்த சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். விசாரணை அதிகாரி ஒரு வயதான அம்மா. என்னிடம் அதைக் கொடுத்து, "நீங்களே வாசிங்க" என்றார்.

வாசித்தேன். 'இவர் எழுதவும் எவ்வகை ஆவணத்தையும் படித்துப் புரிந்துகொள்ளவும் தேர்ச்சி பெற்றவர்.' இடது பக்கம் என் கையொப்பம், வலது பக்கம் உன்னுடையது.

"கையெழுத்து உங்களதுதானே?"

"என்னதுதான்."

"படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

இல்லை என்றேன். விழா அன்று தேநீர் ஆறுவதற்குள் பதினேழு தாளிலும் போட்டு முடித்தேன், ஒன்றில்கூட என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை என்றேன். அதிகாரி குறித்துக்கொண்டார். நிர்வாகத்தின் ஆள் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குக் கோபமே வரவில்லை.

நீ படித்துவிட்டுப் போட்டாயா அண்ணா? அச்சுக்கு அனுப்பும்போதாவது?

அடுத்த அமர்வு இருபதாம் தேதி. என் வாய்ச்சொல் போதாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். சான்றிதழ் கொடுத்த அலுவலகம் எழுத்தில் மறுக்க வேண்டுமாம். மறுக்காவிட்டால் அக்கா கையெழுத்துப் போட்ட விலகல் தாள் செல்லும், அக்காவின் வேலை போகும். இனிமேல் உன்னைத் திட்ட எனக்குத் தகுதியில்லை. கேட்க மட்டும் செய்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 11

தங்கைக்கு,

இத்துடன் கடிதம் இருக்கிறது. முத்திரையோடு. ஒன்றுக்கு இரண்டு நகல் வைத்திருக்கிறேன்.

நான் படிக்கவில்லை. பழைய வாசகம், எவரோ எழுதியது, வருடா வருடம் அப்படியே அச்சாகிறது. எழுத்துப் பிழை பார்ப்பதற்காகப் பார்த்திருக்கிறேன்.

இயக்குநரிடம் போனேன். "ஒரு பொம்பளைக்காகப் பதினோராயிரம் பேரைப் படிக்காதவங்களா ஆக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அவர்கள் ஏற்கெனவே படிக்காதவர்கள்தான் சார், நாம்தான் படித்ததாக ஆக்கினோம் என்றேன். இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. அவர் கடிதத்தில் கையொப்பமிட மறுத்துவிட்டார். செயலாளர் என்ற முறையில் நானே போட்டேன். மறுநாள் என் மேசையை ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். தூசிதான், மற்றபடி அமைதியாக இருக்கிறது.

ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாகப் பெரியவர்களுக்குப் பாடம் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு நாள்கூட ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்ததில்லை. அணில் பாடத்தை நம் பாப்பாவின் முதல் வகுப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். யோசித்து எழுதினேன் என்று உன்னிடம் சொன்னது பொய். என்னைப் பார்த்தால் எனக்கே முகம் சுளிக்கிறது. உன் அண்ணியிடம் சொன்னேன். "இப்பவாச்சும் சுளிச்சீங்களே" என்றாள்.

முடிவு என்ன என்று எழுது.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

உன் கடிதத்தை அதிகாரி இரண்டு முறை படித்தார். அந்த விலகல் தாள் செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. தடுப்பைக் கழற்றியது யார் என்று தனியாக விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. உருளைப் பக்கம் வேண்டாம், மடிப்பு மேசையில் போடச் சொல்லி உத்தரவு.

இத்தோடு முடித்திருந்தால் நீயும் நானும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்திருப்போம். முடியவில்லை. கேள்.

உத்தரவு நகலை வாங்க நேற்று மதியம் அக்காவோடு சலவைக் கூடத்தின் அலுவலக அறைக்குப் போயிருந்தேன். எழுத்தர் நகலைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு என்று இன்னொரு தாளை நகர்த்தினார். பேனாவையும் திறந்து நீட்டினார். எனக்கு அலுப்பு, சந்தோஷம், வெளியே போனால் போதும் என்றிருந்தது. "போடுங்கக்கா, வெறும் ரசீதுதான்" என்றேன்.

நான் சொன்னேன் அண்ணா. இவ்வளவுக்கும் பிறகு, என் வாயால்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. "மை எடுங்க" என்றார்.

எழுத்தர் சிரித்துவிட்டு, "உங்களுக்குத்தான் கையெழுத்து வருமே" என்றார்.

"வராது. படிச்சுச் சொல்லுங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் அவர் படிக்க ஆரம்பித்தார். முதல் வரியில் தேதி, இரண்டாவதில் நகல் பெற்றுக்கொண்டது. மூன்றாம் வரிக்கு வந்ததும் குரல் கம்மியது. அக்கா சத்தமாகப் படிக்கச் சொன்னார். 'விபத்து தொடர்பாக நிர்வாகத்தின் மீது எனக்கு இனி எந்தப் புகாரும் இல்லை.'

அக்கா எரிந்து வழுவழுத்த விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுத்தர் அதை அடித்து, பக்கத்தில் தன் சுருக்கொப்பம் போடும்வரை எடுக்கவில்லை.

இன்றைக்கு வகுப்பில் மற்ற பதினாறு பேருக்கும் அவரே இதைச் சொன்னார். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வண்டிப் பெரியவரும் வந்திருந்தார். முழுத் தாளையும் தானே படிக்க வரும்வரை யாரும் எங்கேயும் கையெழுத்து போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். இந்த மாத அறிக்கையில் எங்கள் மையத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் எத்தனை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறேன். நாளை அந்தச் சிவப்புத் தாளிலிருந்து ஆரம்பிக்கிறோம். உன் அனுமதி வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. ஆவண அறையில் இருப்பவனிடம் அனுமதி கேட்டு என்ன ஆகப்போகிறது, வந்து ஒரு நாள் பின்வரிசையில் உட்காரு.

நேற்று நடந்ததில் ஒன்று பாக்கி. கைநாட்டு என்பதால் சாட்சி வேண்டுமல்லவா, எழுத்தர் தாளை என் பக்கம் திருப்பினார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும் படிச்சுட்டுப் போடுங்க டீச்சர்."

படித்துவிட்டுத்தான் போட்டேன்.

தங்கை